இடம் மாற்றிய பச்சைக் குடம்

முப்பது வருடத்துக்கு முந்தைய கோடை. எங்கள் திண்டுக்கல் தெருவுக்கு எட்டு நாளைக்கொரு தடவைதான் தண்ணீர் லாரி வரும். விடியும்போதே குடங்களை வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவோம். அடுத்தவர் குடத்தை யாரும் தொட மாட்டோம்.

நான் தொட்டேன்.

அன்று எழுந்திருக்கத் தாமதமாகிவிட்டது. தெருமுனையில் லாரி ஹாரன். எதிர்வீட்டுச் செல்வியின் பச்சைக் குடத்தைத் தூக்கிக் கடைசியில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் என் குடத்தை வைத்தேன். அவள் மகளுக்கு அம்மை போட்டிருந்ததால் செல்வி வெளியே நிற்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

என் குடம் நிறைந்தது. அதற்குப் பின் நாலு குடம்தான், லாரி காலி.

செல்வி ஓடிவந்தாள். "அம்மை எறங்கிருச்சுக்கா, இன்னைக்குப் பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தணும். முன்னாடிதானக்கா வச்சேன்?"

என் குடத்தை அவள் வாசலில் இறக்கினேன். "நீங்க நல்லா இருக்கணும்க்கா" என்று அழுதாள்.

போன மாதம் அந்த மகளின் புதுவீட்டில் பால் காய்ச்சினார்கள். "அன்னைக்குத் தண்ணி குடுத்த அக்கா இவுகதான்" என்று செல்வி எல்லோரிடமும் காட்டினாள். மகள் என் காலில் விழுந்தாள். அவளுக்குத் திருநீறு பூசி வாழ்த்தினேன்.

செல்வி பத்திரிகை படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.