முகத்தைத் தள்ளிவிடும் கை

எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன் நான். தி.நகர் பிளாட்பாரத்தில் நைட்டி விற்கிறேன். "வாக்கா, இத்தப் போட்டா பத்து வயசு கொறையும், துணி மட்டும் கொறையாது" என்று போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுப்பதுதான் என் பிழைப்பு. நான் போய் அழுமூஞ்சிக் கதை எழுதினால் யார் நம்புவார்கள்? ஆனால் பத்திரிகையின் இந்த வாசகர் பகுதியில் நான் படித்த எல்லாருடைய அனுபவமும் கடைசியில் நல்லபடியாகவே முடிந்திருந்தது. அனுபவம் அப்படி முடியாத ஒருவனும் எழுதட்டுமே என்று உட்கார்ந்துவிட்டேன்.

போன வருடம் மழைக்காலம். மயிலாப்பூரில் கால்வாய் ஓரத்து அடுக்குக் குடியிருப்பில் அக்கா வீட்டோடுதான் நான் இருக்கிறேன். அக்காவின் கணவர் லாரி டிரைவர். லோடு ஏற்றிக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு ஒரே பையன். அப்போது நாலு வயது.

அவனுக்கும் எனக்கும் தினமும் ஒரு சண்டை நடக்கும். கடையிலிருந்து வந்ததும் நான் அக்கா தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "இது எங்க அக்கா. உன்னத் தவுட்டுக்குத்தான் வாங்கினோம்" என்பேன். அவன் எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் ஓடி வருவான். இரண்டு கையாலும் என் மூஞ்சியைப் பிடித்துத் தள்ளிவிட்டுத் தன் தலையை அங்கே வைத்துக்கொள்வான். "எங்கம்மா. நீ வேற அக்கா வாங்கிக்கோ போ" என்பான். அக்கா இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அடி வைப்பாள்.

அந்த மழையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்துக் கடையில் சொல்லி சிரப் வாங்கிக் கொடுத்தோம். மறுநாள் வாந்தியும் தலைவலியும் சேர்ந்துகொள்ள, மாமா ஊரில் இல்லாததால் நானும் அக்காவும் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குழந்தைகள் வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். அம்மா மட்டும்தான் கூட இருக்கலாம், ஆம்பளைங்க பார்வையாளர் நேரத்தில்தான் வரவேண்டும் என்று வாட்ச்மேன் என்னைத் தடுத்தார்.

"தாய்மாமன்ணே நான்" என்றேன்.

"இங்க நிக்கிறவன் பூரா மாமன்தான். ஓரமா நில்லு."

நான் எப்படியோ பேச்சுக் கொடுத்து உள்ளே நுழைந்தபோது, வார்டு சிஸ்டர் அவனைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மடியில் அவன் மூச்சு விடுகிற விதத்தைத்தான் பார்க்கிறார் என்று பிறகு புரிந்தது. அப்புறம் பக்கத்தில் வந்து கால் நகத்தை அழுத்திப் பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்தார். கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனான், தண்ணீர் குடித்தானா என்று கேட்டார். எல்லாம் முடித்துவிட்டு அக்காவிடம், "எனக்கு இவன இப்பத்தாம்மா தெரியும். நல்லா இருக்கும்போது எப்படி இருப்பான்?" என்றார்.

அக்கா அவன் தலையைத் தடவினாள். நான்தான் முந்திக்கொண்டேன். "சரியான வாலு சிஸ்டர். காட்டட்டா?" என்று சொல்லி, வழக்கம்போல அக்கா தோளில் சாய்ந்து, தவிட்டு வசனத்தை எடுத்துவிட்டேன். அவன் சிணுங்கிக்கொண்டே இரண்டு கையாலும் என்னைத் தள்ளினான். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிஸ்டர் சிரிக்கவில்லை. "இத நான் சொல்லும்போதெல்லாம் வந்து செய்யணும், தம்பி" என்றார். "டார்ச் அடிக்கிறது, கிள்ளிப் பாக்கிறது எல்லாம் நாங்க பண்ணுவோம். அம்மாவ அவன் விட்டுத்தராம இருக்கானான்னு உங்களுக்குத்தான் தெரியும். எப்பவும் பண்றதுல துளி கொறஞ்சாக்கூட உடனே எங்கிட்ட சொல்லுங்க. அழுவுறான், தூங்குறான்னு நீங்களே சமாதானம் பண்ணிக்காதீங்க."

வாட்ச்மேனிடமும் சொல்லிவிட்டார். எனக்கு ஒரே பெருமை. பிறந்ததிலிருந்து வம்பு இழுத்ததற்கு உதைதான் வாங்கியிருக்கிறேன், முதல் தடவையாக ஆஸ்பத்திரியே அதற்கு என்னைக் கூப்பிடுகிறது. "அண்ணே, வழி வுடு. வம்பு இஸ்க்கணும், சிஸ்டர் ஆர்டரு" என்று வாட்ச்மேனை ஒவ்வொரு தடவையும் வெறுப்பேற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

மறுநாள் காலையில் அவன் ஒரே கையால் தள்ளினான். இன்னொரு கையில் ஊசி குத்தி டியூப் போட்டிருந்தார்கள், அதனால்தான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் முந்தின நாள் சாயங்காலம் அந்த டியூப்போடுதான் இரண்டு கையாலும் தள்ளினான். "பய சோம்பேறி ஆயிட்டான் சிஸ்டர்" என்று விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் கையில் இருந்ததை வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார். மூளைக் காய்ச்சலாக இருக்கலாம் என்று முதுகில் நீர் எடுத்தார்கள். மருந்தை மாற்றினார்கள்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் போய் அக்கா தோளில் தலையைச் சாய்த்தேன். அவன் கண் திறந்துதான் இருந்தது.

"இது எங்க அக்கா" என்றேன்.

அவன் அசையவில்லை. குரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

"டேய், கண்ணு தொறந்துதான் கீது, என்னப் பாக்கவே மாட்டேன்றான்டா" என்றாள் அக்கா. அவன் காதருகே குனிந்தாள். "தள்ளுடா கண்ணு. மாமன் அம்மாவ இட்டுக்கினு பூடுவான்டா. தள்ளுடா." அவன் கையை அவளே எடுத்து என் கன்னத்தில் வைத்தாள். அது நெருப்பாகக் கொதித்தது. அவள் விட்டதும் துணி மாதிரி கீழே விழுந்தது.

நான் ஓடினேன். நான் வாயைத் திறப்பதற்குள் சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தே எழுந்துவிட்டார். அவனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது வழியிலேயே வலிப்பு வந்தது.

அங்கே கதவுக்கு வெளியே அக்காவை உட்கார வைத்து, எந்தக் குழாய் எதற்கு, எந்த மிஷின் ஏன் கத்தும் என்றெல்லாம் சிஸ்டர் பொறுமையாகச் சொன்னார். பிறகு கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், "தொட்டுப் பேசுங்கம்மா" என்றார். அக்கா தொட்டாள். மாமா லாரியை வழியிலேயே போட்டுவிட்டு வந்து சேர்ந்தவர், கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

உயிர் பிழைத்தான். வீட்டு ஆட்கள் கவனித்து உடனே சொன்னதால்தான் பிழைத்தான் என்று டாக்டர் சொன்னார். எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்போது வீட்டில் இருக்கிறான். அக்கா தினமும் கை கால் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போகிறாள். ஊட்டினால் விழுங்குகிறான். பேச்சு போய்விட்டது. யாரையும் தெரிந்த மாதிரி பார்ப்பதில்லை. இனி எவ்வளவு தேறுவான் என்று கேட்டால் டாக்டர்கள் தரையைப் பார்க்கிறார்கள்.

நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா அவனை மடியில் வைத்துக்கொண்டு, "வாடா, வம்பு இஸு" என்பாள். நான் சாய்ந்து அதே வசனத்தைச் சொல்வேன். சில நாள் அவன் விரல் இழுத்துக்கொள்ளும். "பாத்தியா, தள்ளறான்" என்பாள். அது நரம்பு இறுக்கம்தான் என்று பயிற்சி கொடுக்கிறவர் எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லியிருக்கிறார். நான், "ஆமாக்கா, தள்ளறான்" என்பேன்.

இதற்குப் பயந்துதான் இப்போதெல்லாம் எல்லாக் கடையும் எடுத்துவைத்த பிறகும் நான் நைட்டிகளை மடித்து, பிரித்து, திரும்ப மடித்துக்கொண்டிருக்கிறேன். நான் போகும்போது அவன் தூங்கிவிட்டிருந்தால் நல்லது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போகிறேன்.

வம்பு இழுப்பது ஒருத்தன் செய்கிற வேலை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், எதிரே தள்ளிவிட ஒரு கை இல்லாவிட்டால் அது வெறும் புலம்பல்தான் என்பதை அந்தப் பையன் எனக்குத் தினமும் சாயங்காலம் காட்டிக்கொண்டிருக்கிறான்.

எழுதியதைப் பக்கத்தில் வளையல் கடை போட்டிருக்கும் நண்பனுக்கு போனில் அனுப்பினேன். படித்துவிட்டு ஒரே வரி அனுப்பியிருந்தான்: "கடைய நான் எடுத்து வச்சிக்கிறேன், அவன் தூங்கறதுக்குள்ள நீ கெளம்பு மச்சி."