துளசிராமன் சாரின் பல்லி

மோனிகா இடுக்கியைத் தளர்த்தினாள். புழு கண்ணாடித் தொட்டிக்குள் விழுந்து நெளிந்தது. மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி போட்ட பல்லி ஐந்தாவது நாளாக முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு புழு டப்பாவை மூடினாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் மேலாளர் துளசிராமன், இந்த வெளிநாட்டுப் பல்லியைத் தன் ஆபீஸ் அறையில் செல்லமாக வளர்த்தார். இரண்டு வாரம் வெளியூர் போகும்போது அவளிடம் ஒப்படைத்தார். அவள் வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். மறுக்க வாய் வரவில்லை. அப்பா எபினேசர் கவரைப்பேட்டை குடோனில் மூட்டை தூக்குகிறவர். வீட்டின் முதல் பட்டதாரி ஏசி அறையில் வேலை செய்கிறாள் என்று சர்ச்சில் சொல்லிக்கொள்வார். புழு டப்பாவைப் பற்றி அவருக்குத் தெரியாது.

அதன் மூடியைத் திறந்தாலே ஈரத் தவிட்டு நாற்றம். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகவில்லை.

தடித்திருந்த வால் நாளுக்கு நாள் சுருங்கியது. பல்லி செத்தால் கடிதமும் போச்சு. தெரிந்த கால்நடை டாக்டர், மாடு என்றால் வருகிறேன் என்று சிரித்தார். ஞாயிறு ஆராதனையில் முழங்காலிட்டுப் பல்லிக்காக ஜெபித்தாள். அப்பாவின் முதுகுவலிக்குக்கூட இப்படி மன்றாடியதில்லை என்று உறைத்தபோது, தன்மேலேயே அருவருப்பு வந்தது.

திங்கட்கிழமை அறையைப் பெருக்க வந்த செண்பகம் தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி மோனி, மாப்ள இன்னும் கோவமாத்தான் கீறாரா?"

மோனிகா செத்த புழுவை எடுக்கக் கையை உள்ளே விட்டாள். தரை சில்லென்றிருந்தது. தொட்டிக்கு அடியில் ஒரு தட்டை விரிப்பு. அதிலிருந்து போன ஒயரைப் பிடித்துக்கொண்டே சுவர்வரை போனாள். சுவிட்ச் அணைந்திருந்தது.

மாலையில் கிளம்பும்முன் எல்லா சுவிட்சையும் அணைப்பது அவள் வழக்கம். அப்படிச் சொல்லும் ஸ்டிக்கரை அங்கே ஒட்டியவளும் அவளே. துளசிராமன் அதற்காகப் பாராட்டியும் இருக்கிறார். எதற்கென்று தெரியாத இந்த ஒன்றை மட்டும் அவள் மறுபடி போட்டதே இல்லை.

"நான்தான்க்கா ஆஃப் பண்ணிக்கினு இருந்தேன்."

"குளிர்ல நமக்கே ஒண்ணும் எறங்காது. பாவம், அது இன்னா பண்ணும்?"

மோனிகா சுவிட்சைப் போட்டாள். விரிப்பு மெல்லச் சூடேறியது. புதன்கிழமை பல்லி வால் நுனியை ஆட்டியது, பாய்ந்தது. பாதிப் புழு வாய்க்கு வெளியே துடித்தது. மோனிகா சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். புழுவைவிட அந்தச் சிரிப்புத்தான் அவளுக்கு அசிங்கமாகப் பட்டது.

துளசிராமனுக்குப் போட்டோ அனுப்பினாள். சுவிட்சைப் பற்றி எழுதவில்லை. உடனே பதில் வந்தது: "சூப்பர். வந்ததும் லெட்டர்ல சைன் பண்றேன். இனிமே நான் ஊருக்குப் போனா இவன் உன்கிட்டதான்."

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தாள். அம்மா சேமியா உப்புமா கட்டியிருந்தாள். மூடி, அப்படியே செண்பகத்திடம் நீட்டினாள்.