கலியாணம் கட்டாத அரசியும் என் பிறந்த நேரமும்

அம்மா இங்கிலாந்துக் குடியுரிமைப் பரீட்சைக்குச் சரித்திரம் படித்த மாதங்களில் எங்கள் இல்ஃபோர்ட் வீட்டுக் குசினியில் அந்த நாட்டு அரசர்களும் அரசிகளும் குடியேறிவிட்டார்கள். அம்மாவுக்குப் படிப்பு என்றால் பாடமாக்குவதுதான். கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே சத்தமாகச் சொல்லுவார். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பிழை திருத்த வேண்டும்.

எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. கலியாணம் வேண்டாம் என்று எனக்குள் முடிவெடுத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அதை அம்மாவிடம் சொல்லத்தான் துணிவு வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்திருந்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. என் சாதகக் குறிப்பைக் கம்ப்யூட்டரில் புதிதாக எடுத்துத் தரச்சொல்லி அம்மா கேட்டபோது, பிறந்த நேரத்தை இரண்டு மணித்தியாலம் தள்ளிப் போட்டேன். செவ்வாய் எட்டாம் வீட்டில் போய்க் குந்தியது. எங்கள் ஆட்கள் ஒரு சம்பந்தத்தை முகத்தில் அடித்தாற்போல் மறுக்க மாட்டார்கள். குறிப்புப் பொருந்தவில்லை என்றால் இரண்டு பக்கத்துக்கும் மரியாதை. என் குறிப்பு, நான் நினைத்தபடியே, ஒருவருக்கும் பொருந்தவில்லை.

ஒரு சனிக்கிழமை, ஆறு தரம் கலியாணம் கட்டிய அரசரின் மகளுடைய முறை வந்தது. மூன்று வயது நிரம்பும் முன்பே தகப்பன் தாயின் தலையை வெட்டுவித்தது, சொந்தத் தமக்கையே கோட்டையில் சிறை வைத்தது, இருபத்தைந்து வயதில் சிம்மாசனம் ஏறியது எல்லாம் அம்மாவுக்குத் தலைகீழ்ப் பாடம். புத்தகத்தில் இல்லாததையும் போனில் தேடிப் படித்திருந்தார்.

"நாப்பத்திநாலு வருசம் ஆண்டிருக்கிறா, பிள்ளை. ஸ்பெயினிலயிருந்தும் பிரான்சிலயிருந்தும் சம்பந்தம் வந்திருக்கு. கலியாணம் கட்டு எண்டு பார்லிமெண்டே கெஞ்சியிருக்கு. மனிசி ஒருத்தருக்கும் பிடி குடுக்கேல்லை."

"கெட்டிக்காரி," என்றேன்.

"தாய் இல்லாதது வசதியாப் போச்சு. நான் தாயா இருந்திருந்தா ஸ்பெயின்காரனுக்கு எப்பவோ கட்டிக் குடுத்திருப்பன்."

நான் சிரித்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் அன்ரி. ஊரிலுள்ள குமர்களையெல்லாம் கரைசேர்ப்பதே தன் கடமை என்று நினைப்பவர். அம்மா கை ஈரத்தோடு ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, பெடியனுக்கும் எட்டில செவ்வாய். செவ்வாய்க்குச் செவ்வாய், அச்சொட்டாப் பொருந்துது. நாளைக்குப் பின்னேரம் பெண் பாக்க வருகினமாம்."

தன் வினை தன்னைச் சுடும் என்பது சும்மா சொன்னதல்ல. என் பொய்க்கே ஒரு மாப்பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் வந்து சோபாவில் இருந்துவிட்டால் பிறகு என்னால் வாயே திறக்க ஏலாது என்று எனக்குத் தெரியும். அம்மா, பிறகு எடுப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டுத் திரும்பவும் கத்தரிக்காயை வெட்டத் தொடங்கினார்.

"அம்மா, அந்தக் குறிப்புப் பொய். நான்தான் நேரத்தை மாத்தினனான். எனக்குக் கலியாணம் வேண்டாம், அம்மா. ஒருத்தரையும் வேண்டாம்."

அம்மா கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"உன்னைப் பெத்தவள் நான். எத்தினை மணிக்குப் பிறந்தனீ எண்டு எனக்குத் தெரியாதே?"

எனக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது. "தெரிஞ்சுகொண்டே ஏன் எல்லாருக்கும் அனுப்பினீங்கள்?"

"நீ வாய் திறந்து சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். அந்த மனிசி ஒரு நாட்டையே காக்க வைச்சா. நீ என்னைக் காக்க வைச்சாய். நானும் சில வேளை, மனம் மாறுவாய் எண்டு ஆசைப்பட்டனான்தான்."

அதற்குப் பிறகுதான் அழுதேன். அம்மா கையைக் கழுவித் துடைத்துவிட்டு அன்ரிக்குப் போன் எடுத்தார். நேரம் பிழை, குறிப்புப் பொருந்தாது என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன்.

"தங்கச்சி, குறிப்புக் கதை வேண்டாம். பிள்ளைக்கு விருப்பமில்லை. இனி ஒருத்தரிட்டையும் கேக்காதையும்."

அன்ரி விடாமல் கேட்டார்: "அப்ப அக்கா, உங்களுக்குப் பிறகு அவவை ஆர் பாக்கிறது?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

"அவ தன்னைப் பாப்பா," என்றார். "இப்ப என்னையும் அவதானே பாக்கிறா."