ஒன்றரை முழம் வயர்

இது நடந்து மூன்று வருடமாகிறது. மழை விட்டு வெயில் ஏறத் தொடங்கிய ஒரு மாசி மாதக் காலையில், மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தின் நட்டநடுவில் என் கார் நின்றுவிட்டது. பள்ளிக்கூட நேரம். பின்னால் பஸ், லொறி, ஓட்டோ என்று வரிசை கட்டி ஹோர்ன் அடித்த சத்தம் வாவியின் அக்கரைக்கே கேட்டிருக்கும்.

கார் என்றதும் சாதாரணக் கார் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டே கதவுள்ள, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். வயது முப்பதைத் தாண்டியது. அதன் முன்விளக்குகள் மூடிக் கிடக்கும். சுவிட்சைப் போட்டால்தான் மேலே எழும்பும். என்னுடையதில் ஒன்று உடனே எழும்பும், மற்றது யோசித்து எழும்பும். கிழமையில் நான்கு நாள் ஓடினால் மூன்று நாள் படுக்கும். ஆனாலும் அதில் ஏறி உட்கார்ந்தால் எனக்கு இருபது வயது குறைந்துவிடும். "உங்களுக்கு நான் ரெண்டாம் தாரம்தான்" என்று என் மனைவி சொல்லும்போது சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வேன்.

அந்தக் காருக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். ஓட்டமாவடியைச் சேர்ந்த முஸ்லிம். நாவற்குடாவில் ஒருவருடைய வளவில் தகரக் கொட்டிலொன்றை வாடகைக்கு எடுத்து கராஜ் வைத்திருந்தார். கைவேலை தெரிந்தவர்களை எங்கள் பக்கம் அழைப்பது போல நானும் அவரை 'பாஸ்' என்றே அழைப்பேன். கட்டுக்கம்பியால் எதையாவது முறுக்கிக் கட்டினால், கம்பியின் நுனியை உள்பக்கமாக வளைத்துவிடுவார். பிறகு கை வைக்கிறவருக்குக் கீறக் கூடாதாம். அவர் வேலை செய்த இடத்தை அந்த வளைவை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

பாலத்தில் நிற்பதற்கு ஒரு கிழமை முன்புதான் அவரிடம் காரைக் காட்டியிருந்தேன். சாவியைத் திருப்பினால் சில நாள் எடுக்கும், சில நாள் சத்தமே வராது. பற்றரி முனையைச் சுரண்டித் துடைத்துவிட்டு, "பற்றரிட எர்த் வயர் உள்ளுக்க அரிச்சிரிக்கி தம்பி. மாத்தணும். நாளைக்குக் கொண்டு வாங்க" என்றார். கார் ஒரு தடவை உறுமியதும் எனக்கு அந்த 'நாளைக்கு' மறந்துபோயிற்று.

பாலத்தில் வேர்த்துக்கொட்ட பொனட்டைத் திறந்தேன். பற்றரிக்கு ஒரு சாண் தள்ளி, ஒரு கம்பித் தாங்கியில், கறுப்புத் துணியில் முடிந்த ஒரு தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், தொங்கியது. அதைக் கட்டியிருந்தது கட்டுக்கம்பி. அதன் நுனி உள்பக்கமாக வளைந்திருந்தது.

மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் எங்களைப் பகிடி பண்ணுவார்கள். அந்தப் பகிடிக்கு அலுவலகத்தில் மற்ற எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறவன் நான். செய்வினையாவது, சூனியமாவது என்று மேடை போடாத குறையாகப் பேசுகிறவன். அந்தத் தேசிக்காயைக் கண்டதும் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். கார் ஏன் திரும்பத் திரும்ப அதே கராஜுக்குப் போகிறது என்பது ஒரு நொடியில் விளங்கிவிட்டதாக நினைத்தேன்.

ஓர் ஓட்டோக்காரர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார். ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டோ இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்து வீதியே சிரித்தது. என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்த அவமானமும் சேர்ந்து தலைக்கு ஏறியது.

நாவற்குடாவில் இறங்கும்போது நான் நானாக இல்லை. கராஜுக்குப் பக்கத்திலேயே தேநீர்க்கடை. ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வளவுக்காரரும் அங்கேதான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை 'பாஸ்' என்று அழைத்தவன், அன்று அவருடைய பெயரைச் சொல்லிக் கத்தினேன். தேசிக்காயை அவருடைய காலடியில் எறிந்தேன்.

அவர் எழும்பி, கையைத் துணியில் துடைத்தார். தேசிக்காயையும் என்னையும் பார்த்தார். "தம்பி, அது உங்கட ஊட்டுச் சாமான். ஊட்ட கேட்டுப் பாருங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

"எங்கட ஊட்ட இதுக்குள்ள இழுக்காத! இதக் கட்டி வெச்சா வாகனம் உன்ட கராஜயே சுத்தி வரும் எண்டுதானே?"

என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவரை 'உன்ட' என்றேன். தேநீர்க்கடையில் ஒருவர், "அதான் பாரன், என்ட வேனும் மாசத்துக்கு ஒருக்கா இஞ்சதான் வருது" என்றார். பாஸ் குனிந்து தேசிக்காயை எடுத்து, மண்ணைத் தட்டி, காரின் இருக்கையில் வைத்தார். நான் அதே ஓட்டோவில் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வென்றுவிட்ட எண்ணம்.

பின்னேரம் மனைவி வேலையால் வந்ததும் நடந்ததைக் கொஞ்சம் உப்புப் புளி சேர்த்தே சொன்னேன். அவள் முகம் மாறிக்கொண்டே போனது.

"அத நான்தான் கட்டின" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் அறைக்குள் போய்த் தன் பழைய கறுப்புக் குடையைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினாள். ஓரத்தில் கைக்குட்டை அளவு துணி வெட்டப்பட்டிருந்தது. "நீங்க ஓடுற ஓட்டத்துக்கு எனக்கு வேற என்ன வழி? கோயில்ல மந்திரிச்சு வாங்கினன். சொன்னாப் பகிடி பண்ணுவிங்க எண்டுதான் சொல்லல்ல. ஆனா நான் நூலாலதான் கட்டின, பற்றரி வயரோட சேத்து."

மிச்சத்தை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தேசிக்காய் சூட்டில் அழுகி, அதன் புளி சொட்டி வயரை அரித்திருக்கிறது. அதைத்தான் பாஸ் பற்றரியிலிருந்து தள்ளிக் கட்டியிருக்கிறார்.

அடுத்த நாளே போயிருக்கவேண்டும். போகவில்லை. அலுவலகத்தில் வேலை, தலையிடி, மழை மூட்டம் என்று எனக்கு நானே லீவு எழுதிக்கொண்டேன். உண்மையில் அந்தத் தேநீர்க்கடையின் முன்னால் போய் நிற்க முடியாமல் இருந்தது. மனைவி மூன்று தடவை கேட்டாள். நான்காம் தடவை கேட்பதை விட்டுவிட்டாள். பதினான்காம் நாள் போனபோது கொட்டில் பூட்டிக் கிடந்தது.

"அண்டைக்கு நீங்க கத்தின பொறகு ஒருத்தரும் வாகனம் கொண்டு வரல்ல" என்றார் வளவுக்காரர். "வளவுக்குள்ள என்ன புதைச்சு வெச்சிரிக்கானோ எண்டு எங்கட ஊட்டயும் ஒரே பயமும் ஆய்க்கினையும். நான் போகச் சொல்லல்ல. அவராத்தான் சாவியத் தந்துட்டுப் போனார். நல்ல வேளை நீங்க கண்டு பிடிச்சிங்க."

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கவேண்டும். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். கத்தியதைவிட அந்தத் தலையாட்டல்தான் இன்றுவரை என்னை அதிகம் கூசவைக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஓட்டமாவடிக்குப் போனேன். விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தேன். தன் தம்பியின் அரிசி ஆலைக்குப் பக்கத்தில், ஒரு மரத்துக்குக் கீழே உழவு இயந்திரமொன்றைக் கழற்றிப் போட்டிருந்தார். என்னைக் கண்டதும் வாங்கு ஒன்றை இழுத்துப் போட்டு, "இரிங்க தம்பி" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை, நின்றபடியே அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"வயர் பச்ச பிடிச்சுப் போயிரிந்திச்சி" என்றார். "உங்கட நம்பிக்கச் சாமான். அத என்ட கையால எறியேலுமா? அதான் தள்ளிக் கட்டின. உங்களுக்குத் தெரியும் எண்டுதான் நினச்சன்."

"அண்டைக்கு இத எல்லாருக்கும் முன்னால சொல்லியிருக்கலாமே, பாஸ்?"

"எப்படிச் சொல்லுற? ஊட்டுப் பொம்புள கட்டினதாத்தான் இரிக்கும். அத ரோட்டில வெச்சுச் சொல்லேலுமா?"

எழும்பிப் போய், உள்ளேயிருந்து கறுத்த, தடித்த வயர்ச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்தார். கார் அங்கே இல்லை. ஆனாலும் கையால் ஒன்றரை முழம் அளந்து வெட்டினார். இரண்டு முனையிலும் பொருத்துவதற்கான செப்புக் காதை நசுக்கி ஏற்றி என்னிடம் தந்தார். "பூட்டுங்க. சரியாரிக்கும்."

புறப்படும்போதுதான் கேட்டார். "மனசில வெச்சிக்கல்ல தம்பி. ஆனா ஒண்டு. எனக்கிட்டச் சொன்னத அங்க சொல்லுவிங்களா? பதினொரு வரிசம் அங்க இரிந்தவன் நான்."

"ஓம், சொல்லுவன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து வயரைப் பூட்டினேன். ஒரு விரற்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்றிலிருந்து ஸ்டார்ட் ஆகாமல் என் கார் ஒரு நாளும் நின்றதில்லை. மற்ற வருத்தங்கள் வரும், போகும். சாவியைத் திருப்பினால் மட்டும் எடுத்த எடுப்பில் உறுமும்.

வளவுக்காரரைப் பிறகு ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "அப்படியா" என்றார். அதற்குள் கொட்டிலில் கோழித்தீன் கடை வந்துவிட்டது. தேநீர்க்கடைக்கும் போனேன், ஒரு தடவையல்ல, பல தடவை. ஒவ்வொரு தடவையும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன். போன மாதம் அங்கே ஒருவர் புதிதாக வந்தவருக்கு அந்தத் 'தேசிக்காய் பாஸ்' கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டு, "கேளுங்க, இவர்தான் பிடிச்சவர்" என்று என்னைக் காட்டினார். கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்து காரை எடுத்தேன். உடனே எடுபட்டது.

அன்றிரவு மனைவி சொன்னாள், வாயால் சொல்ல வராவிட்டால் எழுதியாவது போடுங்கள் என்று. அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் பாஸ் செய்யாத குற்றத்தை வீதியில் நின்று அவருடைய பெயரைச் சொல்லிக் கத்திய நான், அவர் அதைச் செய்யவில்லை என்பதை இங்கே அவர் பெயரும் என் பெயரும் இல்லாமல்தான் சொல்லியிருக்கிறேன். அவருக்குச் சொன்ன அந்த 'ஓம்' இன்னும் அப்படியே நிற்கிறது.