குதிரையின் தலைமேல் சத்தியம்

நான் குதிரைக்கறி தின்றிருக்கிறேன். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை.

தின்றது பெல்ஜியத்தில் ஒரு துறைமுகத்தில், எண்பதுகளின் தொடக்கத்தில். நான் வேலை பார்த்த சரக்குக் கப்பலை அதன் முதலாளி கரையில் கட்டிப்போட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டார். அந்த ஊரைத் தாண்டிப் போக எங்களிடம் விசாக் காகிதம் இல்லை. கப்பலிலேயே இருந்தால் சாப்பாடு இல்லை, கணகணப்புக்கு ஹீட்டரும் இல்லை. ஒரு மதியம் எங்கள் சமையல்காரர், தூத்துக்குடிக்காரர், கருஞ்சிவப்பாக ஒரு பொட்டலம் கறியோடு வந்தார். கடைவாசலில் பொன்னிறத்தில் குதிரைத் தலை மாட்டியிருந்ததைப் பார்த்து, தோல் சாமான் விற்கிற கடை, செருப்பு தைத்துக் கொடுப்பார்கள் என்று நினைத்து உள்ளே போயிருக்கிறார். மாட்டுக்கறியைவிட மலிவாம். மிச்சமிருந்த மிளகாய்த்தூளைத் தட்டிப்போட்டு வறுத்தார். லேசாக இனிக்கிற கறி. "குதிரைடா தம்பி" என்று அவர் சொன்னபோது நான் இரண்டாவது முறை தட்டை நீட்டிக்கொண்டிருந்தேன். நீட்டிய தட்டை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அதைத்தான் தின்றோம்.

குதிரை அறியாதவன் என்று நினைக்க வேண்டாம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், திண்டுக்கல் ரயிலடியில் ஜட்கா வண்டிக்காரர் ஒருவரிடம் குதிரை தேய்த்து, புல் போட்டு, லாடம் அடிக்கக் காலைப் பிடித்து வளர்ந்தேன். குதிரையின் மேல் எனக்கு ஆசை உண்டு. அந்த ஆசையோடுதான் தின்றேன். இரண்டும் ஒரே வயிற்றில் இருக்க முடியாது என்பவர்கள் பசித்து இருந்ததில்லை.

பிறகு வேறொரு கப்பலில் அமெரிக்காவுக்கு வந்து, அதிலிருந்து இறங்கியவன் திரும்பி ஏறவில்லை. ஜெர்சி சிட்டியில் பெட்ரோல் போட்டேன். அங்கே பழக்கமான ஒருவர் மூலம் டெக்சாஸில் வேலை இருப்பதாகத் தெரிந்தது. டாலஸுக்கு வடக்கே, பிளானோவைத் தாண்டி, நாகர்கோவில் நர்ஸ் அக்கா ஒருவரும் டெக்சாஸ்காரரான அவர் கணவரும் சிறு நிலம் வாங்கிக் குதிரை வளர்த்தார்கள். குதிரை தெரிந்த ஒரு தமிழன் வேண்டும் என்று அக்கா சொல்லி வைத்திருந்தாராம். அமெரிக்காவில் அப்படி எத்தனை பேர் கிடைப்பார்கள்! பஸ்ஸில் போய் இறங்கினேன்.

லாயத்தை ஒட்டி எனக்கு ஓர் அறை. வேலை காலையில் தீனி, சாணம் அள்ளுவது, வேலி கட்டுவது. அக்காவின் கணவரை நான் அத்தான் என்று கூப்பிட்டேன். எங்கள் மொழியில் அது சார் என்பதைப் போல ஒரு சொல் என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. இரண்டு குதிரைகள் அவருடையவை. மூன்றாவது, வலது முழங்கால் கொஞ்சம் வீங்கிய செம்பழுப்புப் பெட்டை, அக்காவுடையது. பெயர் பாப்பா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வெள்ளை உடுப்போடேயே லாயத்துக்கு வந்து, அதன் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பார். பிள்ளை இல்லாதவர். அதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு அந்த வீட்டில் தமிழ் ஜெபக்கூட்டம் நடக்கும். பிளானோவில் லெகசி என்ற பகுதியில் வயலை வெட்டி ஆபீஸ் கட்டத் தொடங்கியிருந்த காலம். இன்ஜினியர்கள், டாக்டர்கள், அவர்கள் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். ஜெபம் முடிந்தால் அத்தான் பதினான்கு மணி நேரம் புகைபோட்ட மாட்டு நெஞ்சுக்கறி. அப்படி ஒரு ஞாயிறு, வீட்டுக்கு எதிர்ச் சாலையில் மாடு ஏற்றுகிற இரட்டைத் தட்டு லாரி ஒன்று போனது. உள்ளே மாடு இல்லை, குதிரைகள். மேல்தட்டு உயரம் போதாமல் கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு நின்றன. தெற்கே ஓர் ஊரில் குதிரை வெட்டுகிற ஆலை இருந்தது. கறி முழுக்க வெளிநாட்டுக்கு.

"சே, குதிரையைப் போய் யாருய்யா திம்பான்?" என்றார் இன்ஜினியர் அங்கிள் ஒருவர்.

"நான் தின்னுருக்கேன் அங்கிள்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த அங்கிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஜோக் அடிக்காதப்பா. நிஜமாவா? டேஸ்ட் எப்படி?"

"நல்லாத்தான் இருந்துச்சு. லேசா இனிக்கும்."

"அப்ப இந்த வேலைக்கு நீதான் கரெக்ட் ஆள்! பூனைகிட்ட பால் சட்டி!"

ஓர் ஆன்ட்டி, "ப்ளீஸ், பிள்ளைங்க முன்னாடி இதை டிஸ்கஸ் பண்ணாதீங்க" என்றார். அக்காவின் தட்டில் நெஞ்சுக்கறி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை லாயத்துக்கு வந்தார். நான் பாப்பாவின் வாளியில் வெல்லப்பாகு கலந்த தானியத்தைக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

"அங்க வச்சு சொன்னது உண்மையாடே?"

"உண்மைதான்க்கா."

"பசியில தின்னியா?"

"பசியிலதான்."

"அப்ப வருத்தமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு. போதும். நான் மறந்துருவேன்."

"வருத்தம் இல்லையேக்கா."

"தெரியாம தின்னுட்டேன்னாவது சொல்லேன்."

"மொத வாய் தெரியாம. அதுக்கப்புறம் எல்லாம் தெரிஞ்சுதான்."

அக்கா வாளியைப் பிடுங்கினார். "நீ மனுசன்தானா? இது எனக்க பிள்ளை. நான் பேசினா காது திருப்புவா. ஒனக்க கையால இவளுக்கு நான் எப்படித் தீனி வைக்கச் சொல்லுவேன்?"

"நேத்து நீங்க வச்சிருந்த தட்டுல இருந்ததும் யார் கூப்பிட்டாலாவது காது திருப்பிருக்கும்க்கா."

"மாடு வேற!"

"எங்க ஊர்ல அதையேதான் தலைகீழாச் சொல்லுவாங்க."

"சட்டம் பேசாதே. எனக்கும் தெரியும் அது. தெரிஞ்சுதான் சொல்லுதேன். நான் நியாயமா கேக்கல்லே, கேட்டியா? இவ எனக்குள்ளவ. அதனால கேக்குதேன்."

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் அவரை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அடுத்து அவர் கேட்டதுதான் முடியாமல் போனது.

"சரி, போனது போட்டு. இனிமே குதிரைக்கறியைத் தொட மாட்டேன்னு இவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

"அக்கா, நீங்க வேதக்காரங்க. சத்தியமே பண்ணக் கூடாதுன்னு போன கூட்டத்துலதான வாசிச்சாங்க?"

"அதை நான் கர்த்தர்கிட்ட பேசிக்கிடுதேன். நீ கையை வை. அடிக்காதே, மிரளுவா. மெதுவா வை."

என் கையைப் பிடித்துப் பாப்பாவின் நெற்றிக்குக் கொண்டுபோனார். நான் இழுத்துக்கொண்டேன்.

ஏன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், அன்று எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. தலையில் அடித்துச் செய்கிற சத்தியம், மீறினால் செய்தவனைப் பிடிக்காது. யார் தலையோ அவரைத்தான் பிடிக்கும். நம்மவர்கள் எந்தக் கோயிலுக்குப் போனாலும் இதை நம்புகிறார்கள். அக்காவும் நம்பினார், அதனால்தான் கேட்டார். நானும் நம்பினேன். நான் ஓர் இடத்தில் நிற்கிறவன் இல்லை. அடுத்த குளிர்காலம் எந்தத் துறைமுகத்தில், எந்தக் கடைவாசலில் பசித்து நிற்பேன் என்று எனக்குத் தெரியாது. என் பசியைக் கொண்டுபோய் அந்தக் குதிரையின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

"அப்ப இனிமேயும் திம்பே."

"பசிச்சா, அதுதான் கிடைச்சா, திம்பேன். இவளை இல்ல."

"சனிக்கிழமை வரைக்கும் யோசி. அதுவரைக்கும் நீ வேலியைப் பாரு. லாயத்துக்குள்ள வராதே."

அந்த வாரம் வேலி கட்டினேன். குடிசை மாதிரி ஓர் அறை, மூன்று வேளை சாப்பாடு, யாரும் காகிதம் கேட்காத இடம். அதை இழந்தால் வேறு போக்கிடம் இல்லை. ஒரு சின்னப் பொய் போதும். பொய் சொல்லக் கூடாது என்கிற ஆள் இல்லை நான். காகிதம் இல்லாமல் ஒரு நாட்டில் இருப்பதே தினசரிப் பொய்தான். ஆனால் இந்தப் பொய்யைச் சொன்னால் அந்தக் குளிர்காலத்தில் என்னைக் காப்பாற்றிய சோற்றை அசிங்கம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். அதற்கு நான் தயாரில்லை. இன்றைக்கும் இல்லை.

வியாழனோ வெள்ளியோ, அத்தான் என்னோடு முள்கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் சொன்னார், அவர் சிறுவனாக இருந்தபோது மழை பொய்த்த ஒரு வருடம் அவருடைய அப்பா உழவுக் குதிரைகள் இரண்டையும் சுட்டுப் பன்றிகளுக்குப் போட்டாராம். கிறிஸ்துமஸுக்கு அந்தப் பன்றிகளை வீட்டில் தின்றார்களாம்.

"கணக்குப் பார்த்தால் நானும் உன் கட்சிதான்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அவளிடம் சொல்லிவிடாதே" என்றார்.

"அத்தான், அவங்ககிட்ட நீங்களே சொல்லலாமே" என்றேன் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"நீ வீட்டை விட்டுப் போகலாம். நான் எங்கே போவது?"

சனிக்கிழமை வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கியிருந்தது. அக்கா லாயத்து வாசலில் பாப்பாவைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றார். அத்தான் சற்றுத் தள்ளித் தன் சின்ன லாரியின் சாவியோடு நின்றார். நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். பையைப் பார்த்ததுமே அக்காவின் முகம் மாறிவிட்டது.

"ஒரு பொய்ச் சத்தியம் பண்ணியிருக்கலாம்லா. நான் நம்பியிருப்பேன்."

"நம்பியிருப்பீங்க. நாளைக்கு இவ கால் இன்னும் வீங்கினா என்னால தூங்க முடியாதுக்கா."

அவருக்குப் புரிந்தது என்பது தெரிந்தது. புரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இல்லையே.

"நீ நல்லவன்தான். ஆனா நீ இவளைத் தடவும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகத்துக்கு வரும். என்னால ஆகாது."

"சரிக்கா."

"இதுமாதிரி ஆளை உலகத்துல எங்கயும் சேக்க மாட்டாங்க, பாத்துக்க. குதிரையை நேசிக்கிற யாரும் இதைச் செய்ய மாட்டாங்க. ஒரு ஆளைக் காட்டு பாப்போம்!"

காட்டுவதற்கு ஓர் ஆள் ஆறடி உயரத்தில் பக்கத்திலேயே நின்றிருந்தார். தமிழ் புரியாவிட்டாலும் பேச்சு எங்கே வந்து நிற்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது போலும். தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

லாரியில் ஏறிக் கதவைச் சாத்தினேன். அக்கா பாப்பாவையும் கயிற்றோடு இழுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். சாக்குத் துணியில் சுற்றிய சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்றை மடியில் போட்டார்.

"இப்பவாவது சொல்லு. தப்புன்னு ஒரு வார்த்தை."

"தப்பு இல்லக்கா."

"போடே!" என்றார். கண் கலங்கியிருந்தது. கையை ஓங்கி லாரியின் கதவில் ஓர் அறை அறைந்தார். பாப்பா மிரண்டு கயிற்றை இழுத்தது.

சாலைக்கு வந்த பிறகு, அவள் என்ன சொன்னாள் என்று அத்தான் கேட்டார்.

"போகச் சொன்னார்" என்றேன்.

"கோபமாகவா?"

"அது எங்கள் மொழியில் தெரியாது அத்தான். கோபத்துக்கும் பாசத்துக்கும் சொல் ஒன்றுதான்."

அவர் தலையசைத்தார். பஸ் நிலையத்தில் என்னை இறக்கிவிட்டார். அங்கிருந்து கலிபோர்னியாவுக்குப் பஸ் ஏறினேன்.