கதவுக்காரி பின்வாங்கும் பக்கம்

என் மருமகள் கட்டைவிரலை அசைத்தால் மூன்று கண்டங்களில் மூக்குகள் உடையும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். உடைவதெல்லாம் திரையில் வரைந்த மூக்குகள். கண்டங்களின் கணக்கும் நான் போட்டது. கட்டைவிரல் மட்டும் உண்மை.

அவளை எங்கள் வீட்டில் சிணுங்கி என்றுதான் கூப்பிடுவோம். தொட்டால் இலையை மூடிக்கொள்ளுமே, அந்தச் செடியின் பெயரை அவளுடைய அண்ணன் சின்ன வயதிலேயே அவளுக்கு வைத்துவிட்டான். குக்கர் விசிலடித்தால் ஓரடி பின்னால் போவாள். வாசல் மணி அடித்தால் ஓரடி. என் மகன் தும்மினால் இரண்டடி. அவன் தும்மலும் அப்படிப்பட்டதுதான். இப்படி ஒருத்தி சண்டை கேம் செய்கிற கம்பெனியில் சம்பளம் வாங்குகிறாள் என்று சொன்னதை எதிர்வீட்டுத் தையல்காரர் இன்னும் நம்பவில்லை.

அவள் செய்வது ஒரு வகையில் வீடு மாற்றும் வேலை. ஒரு கேமில் பெயரெடுத்த சண்டைக்காரரை இன்னொரு கேமுக்குக் கொண்டுவந்து குடிவைக்க வேண்டும். பழைய வீட்டுக் கட்டில் புது அறையின் வாசலில் நுழையாது. காலைக் கழற்ற வேண்டும், சாய்க்க வேண்டும், சில சமயம் அறுக்கவும் வேண்டும். ஆனால் படுக்கிறவருக்கு அது அதே கட்டிலாகத் தெரிய வேண்டும். பழைய கேமில் ஆறு பட்டன் இருக்கும், புதியதில் நான்குதான். எந்த அடியை எந்த பட்டனில் வைப்பது, எதை விடுவது, எதைக் கையில் பிடித்து ஆடுகிற ஸ்டிக்கை ஒரு சுற்றுச் சுற்றினால் வரும்படி செய்வது என்று பார்த்துப் பார்த்துப் பொருத்துவாள்.

போன வருடம் அவளுக்குக் கொடுத்தது கதவுக்காரியை.

கதவுக்காரி ஒரு பழைய கேமின் சண்டைக்காரி. முதுகில் ஒரு மரக்கதவைச் சுமந்துகொண்டு திரிவாள். எதிராளி அடிக்க வரும்போது ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் போதும், கதவு முன்னால் வந்து படாரென்று மூடிக்கொள்ளும். எந்த அடியும் உள்ளே வராது. சிணுங்கிக்கு இவளைத் தெரியும் என்று சொன்னால் போதாது. சிறுமியாக இருந்தபோது அவர்கள் வீட்டில் அப்பா வெளிக்கதவைச் சாத்துகிற சத்தத்திலேயே அன்றைக்கு வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடுமாம். சத்தம் சரியில்லாத நாளில் அண்ணன் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருமுனையில் இருந்த கேம் கடைக்கு ஓடுவான். பெரிய பெட்டியின் முன்னால் அவன் இடப்பக்கம் நிற்பான், அவள் வலப்பக்கம். அவள் எப்போதும் கதவுக்காரியைத்தான் எடுப்பாள். அடிக்கவே மாட்டாளாம். கதவை மூடிக்கொண்டு நிற்பாளாம், அவ்வளவுதான்.

"அப்படி நின்னா எப்படிடி ஜெயிப்ப?" என்று அண்ணன் கத்துவானாம்.

"நான் எதுக்கு ஜெயிக்கணும்? உள்ள வராம இருந்தாப் போதும்," என்பாளாம்.

கதவுக்காரியைப் புது கேமுக்குக் கொண்டுவர சிணுங்கி மாதக்கணக்கில் உழைத்தாள். கதவால் முட்டுவது, கதவைத் தரையில் கிடத்திச் சறுக்குவது, தாழ்ப்பாளைக் கழற்றி வீசுவது எல்லாம் நான்கு பட்டனுக்குள் அடங்கின. ஆபீசில் ஆடிப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஆள், கதவுக்காரியை முதன்முதலில் உண்டாக்கியவர். அவர் வந்து தன் கையால் ஆடிப் பார்த்துச் சரி என்றால்தான் அவள் புது கேமில் இருக்கலாம். வேண்டாம் என்றால் கதவுக்காரி போவாள், அவளோடு சிணுங்கியின் வேலையும் போகும். இதை அவளுடைய மேலதிகாரி முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். பேசும்போதெல்லாம் டேபிளைத் தட்டித் தட்டிப் பேசுவார் என்பதால் ஆபீசில் அவருக்குச் சுத்தியல் என்று பெயர். ஒவ்வொரு தட்டலுக்கும் இவள் ஓரடி பின்னால் போயிருப்பாள் என்று நான் கேட்காமலே சொல்வேன்.

உண்டாக்கியவரைப் பற்றி வந்த சேதிகளும் நல்லதாக இல்லை. முன்பு வேறொரு கம்பெனி இதே கதவுக்காரியைத் தங்கள் கேமில் வைத்துக் காட்டியதாம். அவர் உட்கார்ந்தார், ஸ்டிக்கைத் தொட்டார், எழுந்து போய்விட்டார். ஏன் என்றுகூடச் சொல்லவில்லையாம்.

அவர் வருவதற்கு முந்தின நாள் மாலை சிணுங்கியின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தான். பஸ் ஓட்டுகிறவன், ஸ்டியரிங்கைப் பிடித்த நாளிலிருந்து கேம் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. வரவேற்பறை டிவியில் இவள் கதவுக்காரியைப் போட்டுக் காட்டினாள். ஆசையாக ஸ்டிக்கை வாங்கினான். வழக்கம்போல் இடப்பக்கம் அவன், வலப்பக்கம் அவள். அவன் கையில் கதவுக்காரி, இவள் கையில் வேறு யாரோ ஒரு தடியன்.

தடியன் பாய்ந்தான். அண்ணன் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தான். கதவு மூடவில்லை. கதவுக்காரி முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்தாள், நடந்தாள், திரையில் இருந்த மொட்டைமாடியின் விளிம்பைத் தாண்டி விழுந்தே போனாள்.

"என்னடி இது, என் ஆளு தற்கொலை பண்ணிக்கிட்டா?" என்று அவன் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

இவள் சிரிக்கவில்லை. ஸ்டிக் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

விஷயம் இதுதான். பழைய கேமில் ஸ்டிக்கைப் பின்னால் இழுப்பதே தடுப்பு. சண்டை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் சுவர் இருந்தது. எவ்வளவு பின்வாங்கினாலும் சுவர் தாங்கிக்கொள்ளும். புது கேமில் தடுப்புக்கென்று தனி பட்டன். பின்னால் இழுத்தால் வெறும் நடை. சண்டையோ மொட்டைமாடியில், விளிம்பைத் தாண்டினால் தோல்வி. ஆபீசில் ஆடிப் பார்த்தவர்கள் எல்லோரும் புது கேமில் ஊறிய பிள்ளைகள். அடி வருகிறது என்றால் அவர்கள் விரல் பட்டனுக்குப் போகும். பழைய ஆட்டக்காரனின் கை மட்டும்தான் பின்னால் இழுக்கும். நாளைக்கு வரப்போகிறவர் கை எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டு மேசையில் அவளைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"ஒண்ணுமில்லாததுக்கா ரொம்பி வழியற டம்ளர்ல மறுபடியும் தண்ணி ஊத்துற?"

அப்போதுதான் கீழே பார்த்தாள். தண்ணீர் மேசை விளிம்பிலிருந்து என் மகனின் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து கற்றுக்கொண்ட நல்ல பழக்கம்.

சுத்தியலுக்குப் போன் போட்டாள். பின்னால் இழுத்தாலும் கதவு மூடும்படி ஒரு சின்ன மாற்றம் செய்யட்டுமா என்று கேட்டாள். அடுத்த அறையில் இருந்த எனக்கே அவர் குரல் கேட்டது.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்மா. தடுப்புன்னா பட்டன். உன் ஆளுக்கு மட்டும் என்ன விசேஷம்? இனிமே ஒரு எழுத்தையும் தொடக்கூடாது. தொட்டா அவர் வந்து வேண்டாம்னு சொல்ற வரைக்கும் நான் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

மறுநாள் காலை மற்றவர்கள் வருவதற்கு முன்பே ஆபீசுக்குப் போனாள். லிஃப்டில் ஏறப் பயந்து படியில் ஏறினாளாம். லிஃப்டில் சுத்தியல் இருந்தால் என்ன செய்வது? தன் நாற்காலியில் உட்கார்ந்து தொடக்கூடாததைத் தொட்டாள். கதவுக்காரிக்கு மட்டும், பின்னால் இழுத்த கணத்தில் கதவு மூடும். இழுத்தபடியே இருந்தால் கதவு திறந்து அதன்பின் நடை. சின்ன மாற்றம்தான். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறாள். பக்கத்து அறையில் காப்பி மெஷின் உறுமியது, அதற்கும் ஒருமுறை எழுந்து ஓடியிருக்கிறாள். ஆடிப் பார்த்தாள். தடியன் பாய்ந்தான், இழுத்தாள், படாரென்று மூடியது. மறுபடி பார்த்தாள். மூடியது. சிறுமியாக நின்ற அதே இடத்தில் நிற்பதுபோல இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

உண்டாக்கியவர் வந்தார். ஒல்லியான மனிதர், இரண்டு கையும் கால்சட்டைப் பைக்குள். பேச்சில்லை. சுத்தியல் மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார். ஆடிப் பார்க்கிற டேபிளில் இரண்டு நாற்காலி, இரண்டு ஸ்டிக். இடது நாற்காலியில் உட்கார்ந்தவர் இடப்பக்கத்து ஆள், வலது நாற்காலியில் உட்கார்ந்தவர் வலப்பக்கத்து ஆள். இந்த கேமில் ஒருவரை ஒருவர் தாண்டிக் குதித்துப் பக்கம் மாறவும் முடியாது.

அவர் இடது நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த நொடியில்தான் அவளுக்கு உறைத்தது. காலையில் ஆடிப் பார்த்ததெல்லாம் வலப்பக்கம். கேம் கடையில் அண்ணன் அவளுக்கு விட்டுக்கொடுத்த பக்கம். பழகிப்போய், ஆபீசிலும் வீட்டிலும் அவள் கை அந்தப் பக்கத்து ஸ்டிக்கைத்தான் எடுக்கும். வலப்பக்கம் நிற்பவளுக்குப் பின்பக்கம் என்றால் வலது. அவசரத்தில் 'எதிராளியை விட்டு விலகும் பக்கம் இழுத்தால்' என்று எழுத வேண்டியதை 'வலப்பக்கம் இழுத்தால்' என்று எழுதிவிட்டாள். இடப்பக்கம் நிற்கிற கதவுக்காரிக்கு இப்போது எல்லாமே தலைகீழ். பயந்து பின்னால் இழுத்தால் கதவு மூடாது, நேராகப் போய் விழுவாள். தைரியமாக முன்னால் போக நினைத்தாலோ முகத்தில் கதவு அறையும். பழைய தப்பாவது அவள் அறியாமல் வந்த தப்பு. இது அவளாகத் திருட்டுத்தனமாகச் செய்த புதுத் தப்பு.

அவர் பையிலிருந்து ஒரு கையை வெளியே எடுத்தார். ஸ்டிக்கின் தலையில் உள்ளங்கையை வைத்தார்.

சிணுங்கியின் காதில் பஸ் எஞ்சின்போல இரைச்சல். சுத்தியல் டேபிளைத் தட்டி, "ஆரம்பிக்கலாமா சார்?" என்கிறார். வலது நாற்காலியில் உட்கார்ந்த பையன் தடியனை எடுக்கப் போகிறான். இன்னும் ஒரு மூச்சு நேரம்தான்.

என் மருமகள் எழுந்தாள். நெஞ்சை நிமிர்த்தினாள். சுத்தியலின் கண்ணை நேருக்கு நேர் பார்த்து, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னாள்: "நிறுத்துங்க! இதை நான் மாத்தியிருக்கேன். யார்கிட்டயும் கேக்காம மாத்தினேன். இந்தப் பக்கத்துல அது தப்பா இருக்கு. சார், அந்தப் பக்கம் உக்காந்து பாருங்க!"

சுத்தியலின் முகம் செங்கல் நிறத்துக்கு மாறியது.

"யாரைக் கேட்டு..."

உண்டாக்கியவர் கையைக் காட்டி அவரை அடக்கினார். முதலில் இடப்பக்கமே ஆடினார். தடியன் பாய்ந்தான்; இழுத்தார்; கதவுக்காரி நடந்துபோய் விழுந்தாள். எழுந்தார். வாசல் பக்கம் போகிறார் என்று சிணுங்கி கண்ணை மூடிக்கொண்டாள். நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. பையனை இடப்பக்கம் அனுப்பிவிட்டு வலது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தடியன் பாய்ந்தான். இழுத்தார். படார்.

மறுபடி இழுத்தார். படார். அடிக்கவே இல்லை மனிதர். தடியன் களைத்துப்போகும்வரை கதவை மூடிக்கொண்டே நின்றார்.

பிறகு இரண்டு கையையும் பைக்குள் போட்டுக்கொண்டு, "இந்தப் பக்கம் நிக்கிறவ என் பொண்ணு," என்றார். "அந்தப் பக்கம் நிக்கிறவ யாரோ. ரெண்டு பக்கமும் என் பொண்ணு நின்னா எனக்குச் சம்மதம்."

சுத்தியல் ஏதோ சட்டம் பேச வாயெடுத்தார்.

"பயந்தவங்க கை பின்னாலதான் போகும் சார்," என்றார் அவர். "அவங்களுக்காகத்தான் கதவே வரைஞ்சேன்."

சிணுங்கி அன்றைக்கே இடப்பக்கத்தையும் திருத்தினாள். வேலை தங்கியது. சுத்தியல் அவளை விட்டுவிட்டாரா என்று கேட்காதீர்கள். ஒரு வாரம் அவர் தட்டிய தட்டில் டேபிளின் கால் ஆடத் தொடங்கியதாம். இன்றும் அவர் அறையிலிருந்து கூப்பிட்டால் இவளுக்கு உள்ளங்கை வியர்க்கிறது. ஆனால் மூன்று கண்டங்களிலும் கையில் ஸ்டிக் பிடித்த கோழைகள் எல்லோரும் நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறார்கள். என் மருமகள் சிங்கம்போல் எழுந்து நின்றதால் வந்த நிம்மதி அது.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். நாற்காலிக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தவள் தொண்டையைச் செருமினாள்.

"அத்தை, நான் எங்க எழுந்தேன்?"

"எழுந்துதானே சொன்ன?"

"டேபிளுக்குக் கீழ இருந்தேன் அத்தை. ரெண்டு ஸ்டிக் வயரையும் மாத்திச் சொருகிட்டா அவர் இடது நாற்காலியில இருந்தாலும் வலப்பக்கத்து ஆளுதான் அவர் கைக்கு வரும், ஒருத்தருக்கும் தெரியாதுன்னு பேனாவைத் தேடற மாதிரி கீழ போனேன். ஒரு வயரை உருவினதுமே அவர் குனிஞ்சு, 'என்னம்மா பண்றீங்க'ன்னு கேட்டுட்டார். பயத்துல எல்லாத்தையும் கொட்டிட்டேன். சுத்தியல் கண்ணை எல்லாம் பாக்கல, அவர் ஷூவைப் பாத்துதான் சொன்னேன். நெஞ்சை நிமிர்த்தவும் இல்ல. நிமிரப் போய் மண்டை இடிச்சுது."

"சரி, ஓடாமலாவது இருந்தியே."

"பின்னால போகத்தான் பாத்தேன் அத்தை. சுவர் இருந்துச்சு."