கேப்டனின் இடது கால்

எங்கள் கல்யாணத்தன்று மேடைக்கு வந்தவர்களில் ஒருவர் என் கணவரின் இடது காலை மட்டும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்குவது போலவும் இல்லை. வந்தவருக்கு என் கணவரைவிட வயது கூடுதல். குனிந்தார், வலது பாதத்தை விட்டுவிட்டு இடது பாதத்தைத் தொட்டார், பரிசுப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். நான் திகைத்து நின்றேன். "ஃபுட்பால் பாக்கறவங்க. ஒண்ணும் நெனச்சுக்காத" என்றார் என் கணவர். அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. அன்றைக்குச் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் இரண்டு வீட்டுக்கும் உறவில்லாதவர்கள் என்று என் அப்பா வெகுநாள் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.

என் கணவர் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் நெல் விவசாயம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். அறுவடை முடிந்த வயலில், அறுத்த தாள் பாதத்தைக் குத்தக் குத்த ஆடிப் பழகியவர். தஞ்சாவூரில் கல்லூரிக்குப் போன பிறகுதான் காலில் பூட்ஸ் ஏறியது. இடது பக்கத்து ஃபார்வர்டு. பிறகு அணியின் கேப்டன். அவர் ஆடுகிற நாட்களில் மதிய வகுப்புகளில் பெஞ்சுகள் மட்டும்தான் இருக்கும் என்று அவருக்குப் பாடம் நடத்திய பேராசிரியரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பேராசிரியரும் அப்போது மைதானத்தில்தான் இருந்திருக்கிறார். ஆனால் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வது ஒரே ஒரு கோலை. நாகப்பட்டினத்து அணியோடு இறுதி ஆட்டம். ஐப்பசி மழையில் மைதானம் நாற்றங்கால் மாதிரி சேறாகிக் கிடக்க, இரண்டு அணியும் கோல் போடாமல் ஆட்டம் முடியப்போகிற நேரம். கோலுக்கு முன்னால் சேற்றில் செருகி நின்றுவிட்ட பந்தை, அவர் வழுக்கி விழுந்துகொண்டே இடது காலால் தோண்டி எடுத்தது போல அடித்தாராம். பந்து கோல்கீப்பரின் விரலை உரசிக்கொண்டு உள்ளே போனதாம்.

அதற்குப் பிறகு நடந்ததை ரசிகர்கள் யாரும் சொல்வதில்லை. சென்னையில் ஓர் அலுவலக அணி அவரை வேலை கொடுத்து அழைத்துக்கொண்டது. முதல் சீசன் முடிவதற்குள் முழங்காலில் தசைநார் அறுந்தது. மருத்துவர்கள் இனி ஆடக்கூடாது என்றார்கள். ஊருக்குத் திரும்பி அப்பாவோடு வயலைப் பார்த்துக்கொண்டார். நான் அவரை மணந்தது அதற்குப் பிறகுதான். ஆக, இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் ஆடியதைப் பார்க்காத ஒரே ஆள் நான்தான். கதிர் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்து அந்தக் கோலைச் சொல்வார். ரயிலில் எதிரே உட்கார்ந்த ஒருவர் மன்னார்குடி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். ஆளுக்கு ஆள் தூரம் மாறும், மழை வலுக்கும். இடது கால் மட்டும் மாறாது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்ததுண்டு. அவருடைய வாழ்க்கையின் நல்ல பகுதியை ஊரே பார்த்துவிட்டு, மிச்சத்தை என்னிடம் கொடுத்துவிட்டதாகத் தோன்றும்.

அந்தக் கோலை விட்ட நாகப்பட்டினத்துக் கோல்கீப்பர் எங்கள் வீட்டுக்கு நெருக்கமானவர். துறைமுகத்தருகே ஐஸ் வியாபாரம் செய்கிறார். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மாதத்துக்கு ஒரு முறையாவது வஞ்சிரத்தோடு வந்து நிற்பார். வாசலிலேயே, "மாப்ள, அன்னைக்கு நான் ஒரு அடி இடது பக்கம் தள்ளி நின்னுருந்தேன்னா உன்னை எவனுக்குடா தெரியும்?" என்பார். "நீ விட்டதாலதான உன்னையும் தெரியுது" என்பார் இவர். எத்தனையோ வருடங்களாக இதே பேச்சு. இருவருக்கும் அலுத்ததே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், குறுவை அறுவடை சமயத்தில், வரப்பில் யாரோ குடித்துவிட்டு உடைத்துப் போட்ட பாட்டில் சில்லு என் கணவரின் இடது பாதத்தில் ஏறியது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போயிருந்ததால் அவருக்கு வலிக்கவே இல்லை. கூடத்துத் தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்துவிட்டு நான்தான் கத்தினேன். காயம் ஆறவில்லை, புரையோடி விரல்கள் கறுத்தன. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் என்னை வெளியே அழைத்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார்.

செய்தி எப்படிப் பரவியதோ, வார்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் கேரளத்து வைத்தியர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். ஒருவர் திருநீற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். மயிலாடுதுறையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், கல்லூரிக் காலத்திலிருந்தே இவருடைய எல்லா ஆட்டத்தையும் பார்த்தவர், என்னிடம் கைகூப்பிக் கேட்டார். "அம்மா, கையெழுத்துப் போட்டுடாதீங்க. வேற டாக்டரைப் பாப்போம். அந்தக் கால எடுக்கறதுக்கு எப்படிம்மா மனசு வரும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கால் போனாலும் எனக்கு அவரு இருப்பாரு சார். அவரே போயிட்டா உங்களுக்குச் சொல்றதுக்குக் கதை இருக்கும். எனக்கு என்ன இருக்கும்?" என்றேன். அவர், பாவம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆனால் என் கணவரும் அவர்கள் பக்கம்தான் சாய்ந்துகொண்டிருந்தார். "ரெண்டு நாள் பொறுத்துப் பாப்போமே" என்றார். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. நான் கெஞ்சினேன், பிள்ளைகள் ஃபோனில் அழுதார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் பயந்தது வலிக்கு இல்லை என்பது எனக்குப் புரிந்தது. வாசலில் நிற்கிறவர்களுக்கு எதைக் காட்டுவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

அன்று பிற்பகல் நாகப்பட்டினத்து அண்ணன் வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வையை விலக்கி, கட்டுப் போட்ட அந்தக் காலை வெகுநேரம் பார்த்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார். "மாப்ள, இந்தக் காலு எனக்குப் பண்ணினது போதும்டா. ஊரு ஊரா என் மானத்த வாங்கியாச்சு. போகட்டும் விடு." என் கணவர் சிரித்தார். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. அண்ணன் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "டாக்டரக் கூப்பிடுங்க, தங்கச்சி" என்றார்.

அறுவை சிகிச்சை முடிந்து புண் ஆறி, செயற்கைக் காலோடு கைத்தடி ஊன்றி நடக்கப் பல மாதங்கள் ஆயின. அதற்குள் கல்லூரிப் போட்டிகள் வந்துவிட்டன. ஒவ்வோர் ஆண்டும் இறுதி ஆட்டத்தில் முதல் பந்தை உதைத்துத் தொடங்கிவைக்க அவரைத்தான் அழைப்பார்கள். அந்த ஆண்டு அழைக்கவில்லை. சங்கடப்பட்டிருப்பார்கள், அதில் தவறும் இல்லை. "கூப்பிடலேன்னா என்ன, டிக்கெட்டா கேக்கப் போறான்?" என்று இவரே கிளம்பினார். நானும் அண்ணனும் உடன் போனோம். அவரோடு நான் அந்த மைதானத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை.

படிக்கட்டு ஏற முடியாது என்பதால் மைதானத்தின் எல்லைக்கோட்டை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். பழைய ரசிகர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். "நல்லா இருக்கீங்களா கேப்டன்?" என்றார்கள். கை கொடுத்தார்கள். ஒருவர்கூட முகத்துக்குக் கீழே பார்வையை இறக்கவில்லை. கோலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி சுற்றி நின்றார்கள். தாசில்தார் மட்டும் அடக்க முடியாமல், "எப்பேர்ப்பட்ட காலு" என்று ஆரம்பித்தவர், துண்டை வாயில் வைத்துக்கொண்டு விம்மினார்.

என் கணவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு சார் அழறீங்க? அந்தக் கோலா? அது வலது கால்ல அடிச்சது."

"இடது கால்னுதானே..." என்றார் தாசில்தார்.

"இடது கால்ல வழுக்கி விழுந்தேன். அடிச்சது வலது கால்ல. சேத்துல உங்களுக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது. நானும் சொல்ல வேணாம்னு விட்டுட்டேன்" என்று வலது தொடையைத் தட்டினார். "இந்தா, இருக்குல்ல."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். கோலுக்குள் நின்றவர் அவர்தானே. அண்ணன் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "வலது கால்தான் சார். ஏமாந்தவன் எனக்குத் தெரியாதா? இடதுன்னு நெனச்சு அந்தப் பக்கம் சாஞ்சேன், இவன் வலதுல அடிச்சிட்டான். அதனாலதான் கோலே விழுந்துச்சு."

தாசில்தாரின் முகம் மெல்லத் தெளிந்தது. கூட்டத்தில் யாரோ, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். அதன் பிறகு பேச்சு கிளம்பிவிட்டது. கதையில் மழை வந்தது, சேறு வந்தது. ஆட்டம் முடியும் வரை அவரைச் சுற்றி இரைச்சலாக இருந்தது. என் கணவர் நடுவர் கொடுத்த ஆஃப்சைடைத் திட்டிக்கொண்டிருந்தார்.

காரில் அவரை ஏற்றிவிட்டுக் கைத்தடியை வாங்கி வைக்கும்போது நான் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன், எந்தக் கால் என்று.

"இடது கால்தான் தங்கச்சி. என் விரல்ல பட்டுத்தான போச்சு" என்றார். "அன்னைக்கு இவனா ஒரு கோல் எடுத்துக்கிட்டான். இன்னைக்கு நானா ஒரு கோல் குடுத்தேன், அவ்வளவுதான்."

கார் திரும்பியபோது மைதானத்தைப் பார்த்தேன். கூட்டம் இன்னும் கலையவில்லை. அதன் நடுவில் தாசில்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடது காலில் லேசாக வழுக்கிக் காட்டி, வலது காலைச் செருப்போடு வீசி, இல்லாத பந்தை அடித்துக்கொண்டிருந்தார்.